பேர் போடாத கடுதாசி

18.1.96
டெட்லிப்டில், தரையிலிருந்து இடுப்பு வரை, 245 கிலோ தூக்கியாச்சு. உள்ளங்கைத் தோல் கிழிந்துவிட்டது. பரவாயில்லை. அடுத்த மாசம் மாநில வலுதூக்கும் போட்டி, இந்தத் தடவை 250 போய்விடும்.

மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தட்டை வீசினேன். சித்ரா விளக்குமாறை எடுத்து வந்து பெருக்கினாள். கல்யாணமான புதிதில் நான் இப்படிக் கிடையாது. உடம்பு ஏறப் போடுகிற ஊசி கூடக் கூடத்தான் இந்தக் கோபம். போட்டி முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். போன வருஷ டைரியிலும் இதே ஜனவரியில் இதையேதான் எழுதியிருக்கேன்.

11.2.96
பாளையங்கோட்டையில் போட்டி. மூன்று தூக்கலும் சேர்த்து மொத்தம் 625 கிலோ. எழுபத்தைந்து கிலோ பிரிவில் ரெண்டாமிடம். கடைசி 250 தொடை வரைக்கும் வந்து நின்று, பிறகு ஏறியது. செல்லும் என்று மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்குப் போட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறங்கினதும் சிவசண்முகம் கையில் ஒரு குப்பியோடு வந்து நின்றான். சங்கத்துச் செயலாளர். ஒரே ஜிம்மில் ஒரே கம்பியில் பழகினவன். ஊக்கமருந்துச் சோதனையாம், மூத்திரம் வேண்டுமாம். மொத்தப் போட்டிக்கும் மூணே குப்பிதான் வாங்கியிருக்கிறார்கள். "ஏம்வே, முதல்ல வந்தவனை விட்டுட்டு என்னை எதுக்கு?" என்றேன். "மேல கேக்காதீரும். தண்ணியக் குடியும்" என்றான்.

எடை குறைக்க நேற்றிலிருந்து பச்சைத் தண்ணி தொடவில்லை. எங்கிருந்து வரும்? ஆறு செம்பு தண்ணீர், ரெண்டு எளநீர், மூன்று மணி நேரம். கக்கூஸ் வாசலில் அவன் காவல் நின்றான். சிரிப்பும் வந்தது, மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் வந்தது.

23.4.96
டெல்லியிலிருந்து முடிவு வந்துவிட்டது. மருந்து இருந்ததாம். மெடலைத் திருப்பிக் கொடுக்கணும். ரெண்டு வருஷம் தடை.

எவனோ பேர் போடாம ஒரு கடுதாசி எழுதிச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கான். சிவசண்முகமே வாய் தவறிச் சொல்லிட்டான். அவன்கிட்ட இனி பேச்சு கிடையாது. பேப்பர்ல மட்டும் என் பேர் வரல. எப்படி வராமப் போச்சுன்னு தெரியல. வேலை பாக்கிற மின்சார ஆபீஸ்ல தலை நிமிந்து உக்கார முடியுது, அந்த மட்டும் நல்லது.

சாப்பிடும்போது சொன்னேன், "எழுதினது எந்தப் பயன்னு தெரிஞ்சா அந்தக் கையை ஒடிச்சிருவேன்."
"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்றாள் சித்ரா.

9.5.96
அருமைநாயகம் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். புதுச் சங்கம் ஆரம்பித்திருக்கிறாரே, அவர்தான். "நம்ம சங்கத்துல குப்பியும் கிடையாது கிப்பியும் கிடையாது. ஆகஸ்டுல திசையன்விளையில போட்டி. வந்து தூக்கும், மெடல வாங்கிட்டுப் போவும்" என்றார். பழைய சங்கம் போட்ட தடை இங்கே செல்லாதாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜூன் பத்தாம் தேதிக்குள் அடுத்த சுற்று ஊசி ஆரம்பித்தால்தான் உடம்பு ஏறும்.

26.5.96
தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு. சித்ரா வளையலை எடுத்துக்கொண்டு முன்னே போனாள். பெரியத்தை அவள் கையைப் பிடித்து, "நீ பைய அங்கன உக்காரு தாயி" என்றாள். அத்தனை பேர் முன்னால். ஆறு வருஷமாகப் பிள்ளையில்லை, அதனால் இவள் கை படக்கூடாதாம். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "ஆறு வருஷமா ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும்தான் போயிக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு குறையும் இல்லன்னு சொல்லுதாங்க. ஒரு தடவை நீங்களும் வாங்க."

3.6.96
டாக்டர் யூனிஸ் அம்மாவிடம் போனோம். மறுபடியும் ஒரு குப்பி. இந்த வருஷம் எனக்கு இதே வேலையாகப் போயிற்று.

6.6.96
ஒன்றுமே இல்லையாம். உயிரணு ஒன்றுகூட இல்லை.

டாக்டரம்மா என் தோளையும் கையையும் பார்த்துவிட்டு, "ஊசி போடுதீங்களா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் சித்ரா. தலையைக் குனிந்து ஆமா என்றேன். "அதுதான். இன்னையோட நிறுத்துங்க. ஒரு வருஷம் ஆகலாம். திரும்ப வரும்னு உறுதி சொல்ல மாட்டேன், வர வாய்ப்பு இருக்கு" என்றார்கள். திட்டவில்லை. அவர்களைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்ப ஆறு வருஷமும் நான்தானா? மலடி மலடின்னு இவளைச் சொன்னதெல்லாம்? பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சிரு என்றேன். "டிக்கெட்டை எடுங்க மொத" என்றாள்.

பரணில் முறுக்கு டின்னுக்குப் பின்னால்தான் ஊசி மருந்தை வைத்திருந்தேன். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அவளே ஏறி எடுத்து முன்னால் வைத்துவிட்டாள். எங்கன இருக்குன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?

7.6.96
எல்லாவற்றையும் உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். பெரியத்தை வீட்டுக்குப் போய், குறை என்னிடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது 250 தூக்குவதைவிடக் கனமாக இருந்தது.

18.8.96
திசையன்விளைக்குப் போனேன், வேடிக்கை பார்க்க. என் பிரிவில் முதலில் வந்தவன் 610தான். நான் தூக்கியிருந்தால்? வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சியிடம் காரணத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், தோளில் கை போட்டு, "மொதல்ல பிள்ளையப் பெறும். கம்பி எங்கயும் ஓடிப் போவாது வே" என்றார். நன்றாக இருக்கட்டும்.

20.12.96
டெட்லிப்ட் 195. போன வருஷம் பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடேற்ற எடுத்த எடை. ஆனால் ஆறு மாசமாக வீட்டில் ஒரு தட்டு பறக்கவில்லை. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்றார்கள். குறுக்குத்துறை ஆற்றில் போய் முங்கிக் குளித்துவிட்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

5.4.97
நாள் தள்ளிப் போயிருக்கிறது. இன்று குப்பி அவளோடது. கொண்டு போய்க் கொடுத்தது நான். உண்டாகியிருக்காள்.

14.9.97
அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அழைப்பு எல்லாம் சித்ராவே கைப்பட எழுதினாள். சிவசண்முகத்துக்கும் ஒன்று எழுதி வைத்திருந்தாள். "நேர்ல போயிக் குடுங்க. எத்தனை நாளைக்குப் பேசாம இருப்பீங்க?" என்றாள். போனேன்.

வாங்கினவன் பிரிக்கவில்லை. மேலே எழுதியிருந்த விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய்ப் பழைய கோப்பிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து வந்து, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இத்தனை நாளா யாருன்னு எனக்கும் தெரியாது வே" என்றான்.

கார்டில் என் பேரைப் போட்டு எழுதியிருந்தது: "ஐயா, ஐயம்பெருமாள் ஊசி போடுகிறார். யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நீங்கள் பிடித்தால்தான் நிறுத்துவார். நல்ல மனுஷர். பேர் மட்டும் பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவள் கையெழுத்துதான். கோபமா? கோபம் மாதிரிதான் தொடங்கியது. பிறகு, பெருக்கின சாம்பாரும் தட்டும் நினைப்புக்கு வந்தது. ஒரே வீட்டில் இருந்துகிட்டு, என்கிட்ட சொல்லப் பயந்து ஒரு கார்டுகிட்ட சொல்லியிருக்கா. அப்படி வச்சிருந்திருக்கேன் அவளை.

சிவசண்முகம் காப்பி கொடுத்தான். குடித்தோம். கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

21.9.97
வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பெரியத்தை முதல் ஆளாக வந்து வளையல் போட்டாள். சிவசண்முகம் குடும்பத்தோடு வந்தான்.

எல்லாரும் போன பிறகு எனக்கு இலை போட்டாள். உட்காரு, நானே போட்டுக்கொள்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. பரிமாறிக்கொண்டே, "அன்னைக்குப் போனீங்களே, சிவசண்முகம் அண்ணன் என்ன சொன்னாக?" என்றாள்.
"அந்தக் கடுதாசியைக் காட்டினான்."
கரண்டி நின்றுவிட்டது. "யாருன்னு தெரிஞ்சுதா?"
"தெரிஞ்சுது" என்றேன். "அந்தக் கை நல்லா இருக்கட்டும்."

அவள் அங்கேயே நின்றாள். முகத்தைப் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றேன். ரெண்டு கை வளையலும் குலுங்கக் குலுங்க, வைத்துக்கொண்டே இருந்தாள். ரொம்பக் கூடிவிட்டது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.