ஒரு செட் நல்ல டயர்

திருச்சுழி

அன்புள்ள அப்பாவுக்கு,

சங்கரி எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கோழிகளும் சுகம். ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். படிக்கட்டும். அவர்களுக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

உங்கள் முதலாளி ஜெகதீஸ்வரனின் பஸ் கம்பெனி முடிந்துவிட்டது. நான்தான் முடித்துவைத்தேன்.

சென்னைக்கு ரயிலைவிடக் குறைந்த டிக்கெட் என்று ஒரு பஸ்ஸில் தொடங்கி நாலு பஸ் ஆக்கினார். அருப்புக்கோட்டையே அவரைக் கும்பிட்டது. ஆனால் நாலுக்கும் சேர்த்து நல்ல டயர் ஒரு செட்தான் என்பது ஓட்டுகிற உங்களுக்கும், ஷெட்டில் சீட் உறை துவைக்கிற எனக்கும் தெரியும். ரோட்டில் ஓடத் தகுதியா என்று எந்த வண்டிக்கு எஃப்.சி. பார்க்கிறார்களோ அதற்கு மாட்டுவார்கள். முடிந்ததும் கழற்றிவிட்டு மொட்டை டயரோடு ரோட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்த மழையில் நீங்கள் ஓட்டிய பஸ் வழுக்கிக் கவிழ்ந்து, அதில் வந்த வீரசோழன் ஊர் ரசூல் பீவி இறந்துபோனார்கள். ஓட்டும்போது நீங்கள் தூங்கிவிட்டதாகச் சொல்லச் சொன்னார் முதலாளி. "ஒம் மகளக் கட்டிக்குடுக்குறது எம் பொறுப்புப்பா" என்றார். நீங்களும் போலீசில் அப்படியே சொன்னீர்கள். என்னிடம் "வாயத் தொறக்காத தாயி" என்றீர்கள். நான் என்றைக்குத் திறந்தேன்?

போன மாதம் ரசூல் பீவியின் மகன் நவாஸ் துபாயிலிருந்து வந்து நம் வாசலில் நின்றார். "ஒங்கப்பா நெசமாவே தூங்கிட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் ஒரு பஸ்ஸுக்கு எஃப்.சி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலாளி சிரித்துக்கொண்டு நின்றார், சீட் உறை மாட்ட நானும் போயிருந்தேன். வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் முன்னால் போய், "சார், இப்பமே ஷெட்டுக்குப் போயி மத்த ரெண்டு வண்டியவும் பாருங்க" என்றேன். முதலாளி "அது ஊமப்புள்ள சார்" என்றார். ஊமை எப்படிய்யா பேசுது என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். இரண்டு வண்டியும் நூல் தெரியும் டயரில் நின்றன.

மூன்று பஸ்ஸுக்கும் பெர்மிட் போனது. கம்பெனி போர்டைக் கழற்றியபோது எதிரில் நின்று கடைசி ஆணி வரை பார்த்தேன். முதலாளியின் வீட்டம்மா என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். எனக்கு இனித்தது அப்பா.

முதலாளி பார்க்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். வண்டி ஓட்டும்போது தூங்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லுங்கள். நவாஸ் அங்கே இருப்பார். மறுபடியும் தூங்கினேன் என்றீர்களானால் நான் எழுந்து நிற்பேன், உங்களையும் விடமாட்டேன்.

அத்தனை பேர் முன்னால் என்னைப் பேச வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
சங்கரி