சலீமின் பெயரை எடுத்தவன் நான்தான்

அன்பு மச்சான் சலீமுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் கை முதலில் போகிறது. சிரிக்காதே. லாட்ஜ் ரிஜிஸ்டரில் பேர், ஊர், வந்த நேரம், போன நேரம் என்று எழுதியே பழகிய கை. கடிதமெல்லாம் இதற்கு மறந்துபோச்சு.

ஊர் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நீ இருந்தபோது வந்ததைவிட ஜாஸ்தி. உன் சூட்கேஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை. கடைக்காரப் பையன், "என்ன மாடல் சார்?" என்கிறான். என்ன சொல்வது அவனிடம்?

இன்னொரு சேதி இருக்கிறது. நம்ம ரத்ததானப் பட்டியலிலிருந்து போன வாரம் உன் பெயரை எடுத்துவிட்டேன். எடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் நான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நம்ம குழுவின் பக்கத்திலேயே போடப்போகிறேன். நாலு பேர் படித்துச் சிரிக்கட்டும். நீ சிரித்த மாதிரி இருக்கும்.

அந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் மூணு நோட்டைத் தேடுவோம். ஒன்று உன் கடையில், ஒன்று என் ரிசப்ஷன் மேஜையில், மூணாவது யாரிடம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. அப்புறம் போனில் குரூப் வந்தது. ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் நாம் அனுப்பிய பட்டியல் புதைந்து போகும். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தோம். எது புதுசு, எது பழசு என்று கேட்டால் எல்லாரும் என்னுடையதுதான் புதுசு என்பார்கள்.

என் பொண்ணு கயல் ஒரு பொங்கல் லீவுக்கு வந்தபோதுதான் அதற்கு வழி பிறந்தது. சென்னையில் அவள் ஆபீஸில் எல்லாரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்களாம். விக்கி என்றாள். ஆளுக்கொரு நகல் கிடையாது. எல்லாரும் பார்ப்பது ஒரே பக்கம். தப்பு இருந்தால் பார்த்தவரே திருத்தலாம். என் லாட்ஜ் கம்ப்யூட்டரிலேயே நமக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்தாள்.

நான் ரிஜிஸ்டர் ஆள். என் தொழிலில் அடித்தல் திருத்தல் இருந்தால் செக்கிங் வருகிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றால் அது எப்படி உருப்படும் என்று கேட்டேன். நீதான் சட்டென்று பிடித்துக்கொண்டாய். பத்தாம் வகுப்புக் கணக்கில் என்னோடு சேர்ந்து கோட்டை விட்டவன்தான். ஆனால் இதைப் பார்த்ததும் என்ன சொன்னாய்? "மச்சான், இது கரும்பலகைடா. யாரு வேணா அழிக்கலாம், எழுதலாம். ஆனா இந்தக் கரும்பலகைக்கு ஞாபகம் இருக்கு."

பழைய பதிப்புகள் என்று ஒரு இடம் இருக்கிறது. அழித்ததெல்லாம் அங்கே அப்படியே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பலாம் என்று கயல் காட்டினாள். ஏதாவது எழுதி அழித்துப் பாருங்க மாமா என்று உன்னிடம்தான் சொன்னாள். நீ என்னவோ தட்டினாய். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அழித்துவிட்டாய். என்ன எழுதினாய் என்று கேட்டேன். உனக்கு எதுக்கு என்றாய்.

அதற்கப்புறம் உன் ராஜ்ஜியம்தான். 'புதுசா வந்தவங்களுக்கு' என்று நீ எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் கடைசி வரி: "சந்தேகம்னா எனக்கு போன் போடுங்க. ஏழுமலைக்குப் போடாதீங்க, அவனுக்கும் தெரியாது."

நீ போன பிறகு அவனுக்குத்தான் எல்லாரும் போன் போட்டார்கள்.

வேறு வழியில்லாமல் நான் வாத்தியார் ஆனேன் சலீமு. ஞாயிற்றுக்கிழமை காலையில் லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில் புது ஆட்களை உட்காரவைத்துப் பாடம். வேங்கிக்கால் பக்கம் குடிவந்த ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், நான் இங்கே அழித்தால் எல்லார் போனிலும் அழிந்துவிடுமா என்று பயந்துபோய் விரலை மடக்கிக்கொண்டார். உன் கரும்பலகையைத்தான் அவருக்கும் சொன்னேன். பயப்படாதீங்க, எதுவும் தொலையாது. மாற்றினால் கீழே கட்டத்தில் காரணம் மட்டும் எழுதுங்க. பக்கத்தில் இருப்பதை நம்பி வேலை செய்யுங்க, ஏன்னா தப்பு இருந்தா யாராவது திருத்தியிருப்பாங்க. எல்லாம் உன் வசனம். உன் பேரைச் சொல்லாமல் எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் தீபா. கீழ்பென்னாத்தூரில் டீச்சர். நான் சொன்னதை நம்பி முதல் வாரமே வேலையைத் தொடங்கிவிட்டாள். ஓ நெகட்டிவ் தலைப்பின் கீழே முதல் பெயர் உன்னுடையது. விசாரித்திருக்கிறாள், நீ இல்லை என்று தெரிந்திருக்கிறது, எடுத்துவிட்டாள். காரணக் கட்டத்தில் 'காலமானார்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உன் பெயர் இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய நிலைக்குத் திருப்பு என்ற பொத்தானை அமுக்கினேன். நீ வந்துவிட்டாய். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவள் மறுபடி எடுத்தாள். நான் மறுபடி அமுக்கினேன். மூணாவது தடவைக்கப்புறம் அவள் லாட்ஜுக்கே வந்துவிட்டாள், போனைத் தூக்கிக்கொண்டு. ஒரு பெயரை அழித்தால் திரும்பத் திரும்ப வருகிறது, நான் எதைத் தப்பாகச் செய்கிறேன் என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நெட்வொர்க் சரியில்லைம்மா என்றேன். முகத்தைப் பார்க்காமல் சாவிகளை அடுக்கிக்கொண்டே சொன்னேன். பாவம், வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் வேண்டியிருந்தது. அன்றைக்குப் போன் பார்த்தவர் விரலை மடக்கிக்கொண்டாரே, அதே ரிட்டயர்டு அதிகாரி. பக்கத்தை நம்பினார். முதல் நம்பரை எடுத்து அந்தப் பெண்ணின் புருஷனிடம் கொடுத்துவிட்டார்.

உன் வீட்டுக்காரி ஜமீலா உன் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறது, சலீமு. அது எனக்குத் தெரியாது. மணி அடித்ததும் எடுத்திருக்கிறது. அந்த ஆள் யார் எடுத்தார்கள் என்றுகூடக் கேட்காமல், சாரை உடனே வரச்சொல்லுங்கம்மா, எங்க இருந்தாலும் ஆட்டோ அனுப்பறேன் என்று அழுதிருக்கிறான்.

பிறகு ஜமீலா என்னைக் கூப்பிட்டது. கோபமாகத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அண்ணா, அவரு வரமாட்டாருன்னு நானே என் வாயால சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுவும் அவரு எப்பவும் ஓடுற விஷயத்துக்கு."

பயப்படாதே, அந்தப் பொண்ணு பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் நல்லாயிருக்கிறது. பட்டியலில் அடுத்த பெயர்க்காரர் பைக்கில் பறந்து வந்துவிட்டார். ஆனால் நடுவில் போன நேரம் இருக்கிறதே, அது என் கணக்கு.

அந்த ஞாயிறு எல்லாரும் கூடினார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ தலைவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் இதைக் கவனிக்காமல் விட்டது என்று ஆரம்பித்தேன். தீபா எழுந்து வந்தாள். பழைய பதிப்புகளைத் திறந்து போனை மேஜைமேல் வைத்தாள். வரிசையாக இருந்தது. நீக்கியது தீபா. திருப்பியது ஏழுமலை. நீக்கியது தீபா. திருப்பியது ஏழுமலை. ஊருக்கெல்லாம் கரும்பலகைக்கு ஞாபகம் இருக்கு என்று பாடம் எடுத்தவனுக்கு, அது தன்னையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று தோன்றவேயில்லை.

"ஏண்ணா, நெட்வொர்க்குக்கு உங்க பேரையே வெச்சிட்டாங்களா?" என்றாள்.

ஹாலே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை. தீபா அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நீங்களே எடுங்கண்ணா என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு ரிசப்ஷனில் உட்கார்ந்து எடுத்தேன். பெயரை அழிக்க ஒரு நொடி. காரணக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் ரூம் கேட்டு வந்தார்கள், சாவி கொடுத்து அனுப்பினேன். கட்டம் அப்படியே காலியாக இருந்தது. கடைசியில் ஜமீலா சொன்னதைத்தான் எழுதினேன். 'அவர் வரமாட்டார்.'

அதோடு மூடியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பழைய பதிப்புகளில் கீழே, கீழே என்று போனேன். உன் பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நம்பர் திருத்தியது, எழுத்துப்பிழை திருத்தியது, திருத்தியதை மறுபடி திருத்தியது. அடியில், முதல் நாளில், நீ எழுதி அழித்த அந்த வரி அப்படியே இருந்தது.

'ஏழுமலை, பி பாசிட்டிவ். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்குவான். பக்கத்துல யாராவது கையைப் பிடிச்சுக்கணும்.'

காரணக் கட்டத்தில், 'கூப்பிடறவங்களுக்குத் தெரியணும்ல' என்று போட்டிருந்தாய். கயல் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ போனதிலிருந்து நான் ரத்தம் கொடுக்கவில்லை. பிரஷர், பல்வலி, பௌர்ணமிக் கூட்டம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. பட்டியலில் என் பெயர் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. வராதவன் பெயர் ஒன்றல்ல, இரண்டு இருந்திருக்கிறது. நீ வரமாட்டாய் என்றாவது ஊருக்கே தெரியும்.

ஆகவே இதோ எழுதிக் கொடுக்கிறேன். இனி இல்லாத ஆளைப் பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன். அடுத்த பி பாசிட்டிவ் அழைப்புக்கு நானே போவேன். போக முடியாத வயசு வந்தால் என் பெயரை நானே எடுத்து, காரணமும் எழுதுவேன். புதுசா வருகிறவர்களுக்குப் பழைய பதிப்புகள் என்றால் என்னவென்று காட்ட உன் முதல் வரியைத்தான் திறந்து காட்டப்போகிறேன். எனக்குத்தான் மானக்கேடு, இருக்கட்டும்.

நீ அழித்த அந்த வரியை என் பெயருக்குப் பக்கத்தில் மறுபடி எழுதிவைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்வது மாறாது. கையைப் பிடிப்பது யார் என்ற இடம் மட்டும் காலி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

கையை நீட்டியபடி,
கயலின் அப்பன், உன் மச்சான்
ஏழுமலை