வெயில் மேல் போட்ட பழி

இன்று காலை வெண்டைச் செடியொன்றைப் பிடுங்கினேன். இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடியிருந்தது. வேரோடு வந்த ஈரமண் வாசனையில் உன் நினைப்பு வந்து, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் பஸ் போய்விட்டது. போகட்டும்.

விவசாயம் படித்துவிட்டு, சங்கரன்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவள் நீ. கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே லைனில் நின்று பாகங்களைச் சரிபார்த்தோம். அப்பா விட்டுப்போன நாற்பது சென்ட் முள் மண்டிக் கிடந்தது. பிளாட் போட்டு விற்கச் சொல்லி புரோக்கர் நச்சரித்துக்கொண்டிருந்தார். நீதான் விடவில்லை. "எக்கா, ஒரு போகம் வெண்டை போட்டுப் பாப்போம். வெளஞ்சிட்டுன்னா நான் ஓவர்டைம் பக்கமே போ மாட்டேன்" என்றாய். கம்பெனிச் சட்டையோடா களை எடுக்கப் போகிறாய் என்று கேலி செய்தேன். அந்தச் சட்டையோடேதான் எடுத்தாய்.

மாசியிலேயே சித்திரை வெயில் அடித்த வருஷம் அது. செடி பூ வைத்த நேரத்தில் உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குக் கிளம்பினாய். கிளம்பும்போது மஞ்சள் விழுந்த நான்கு செடிகளைக் காட்டி, "இந்தச் சவத்த இன்னைக்கே புடுங்கி எரிச்சிருங்கக்கா. வெள்ளை ஈ இதுலேர்ந்து எல்லாத்துக்கும் கொண்டு போயிரும்" என்றாய்.

நான் பிடுங்கவில்லை. பூவும் பிஞ்சுமாக நின்ற செடியில் கை வைக்க மனசு வரவில்லை. லைனில் நமக்கு என்ன பழக்கம்? சந்தேகமான பாகத்தை நாமாகத் தூக்கிப் போடக் கூடாது. சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்து, சூப்பர்வைசர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதே புத்திதான். நான்கு செடிக்கும் சிவப்பு அட்டை கட்டினேன். வெயிலில் வாடியிருக்கும், தண்ணீர் விட்டால் தேறிவிடும் என்று இருந்துவிட்டேன். தோட்டத்துக்கு எந்த சூப்பர்வைசர் வரப்போகிறார்? அட்டை கட்டிய பாகம் வைத்த இடத்தில் கிடக்கும், செடியிலிருந்து ஈ பறக்கும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து நீ வந்தபோது தோட்டமே மஞ்சளாக நின்றது. காய்கள் வெளிறிச் சிறுத்து, பிஞ்சிலேயே நார் பாய்ந்திருந்தன. அட்டை கட்டிய நான்கையும் முந்தின நாள்தான் பிடுங்கி எரித்திருந்தேன்.

"சொன்னபடி புடுங்கினியளாக்கா?"

"அன்னிக்கே புடுங்கிட்டேம்மே. வெயில் இப்படி அடிச்சா நாம இன்னா பண்றது" என்றேன்.

வெயில் மேல் பழி போடுவது சுலபம், எதிர்த்துப் பேசாது. அதற்கும் அந்த அழிவில் பங்கு இருந்ததால் பொய் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நீ அப்படியே நம்பினாய். "புடுங்கியும் நிக்கலையே. நான் படிச்ச வெவசாயம் இந்த வெயிலுக்கு ஆகாதுக்கா" என்று மட்டும் சொன்னாய். மறுநாளே ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய்.

அதன்பின் நான்கு வருஷம் லைனிலேயே நின்றாய். தோட்டப் பேச்சை எடுத்தால் சிரித்து மழுப்பினாய். கேன்டீனில் உன் எதிரே உட்கார்ந்து, சொல்லிவிடலாம் என்று எத்தனை நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறேன். போன ஐப்பசியில் படப்பைச் சாலையில் லாரி மோதி நீ போய்விட்டாய். உன் ஊருக்கு வந்து உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அங்கேயும் சொல்லவில்லை.

இந்தத் தையில் மறுபடி விதை போட்டேன். வாலாஜாபாத்தில் வேளாண்மை ஆபீசில் விசாரித்தேன். சூடு கூடக் கூட வெள்ளை ஈ வெகு சீக்கிரம் பெருகுகிறது, நோயும் அதோடு ஓடுகிறது, வந்த செடிக்கு மருந்து கிடையாது என்றார்கள். முதல் செடியிலேயே பிடுங்கினால் மற்றது ஓரளவு தப்பும் என்றார்கள். நீ சொன்னதேதான். வெயில் அந்த வருஷத்தைவிட மோசம். மஞ்சள் கண்ட அன்றே பிடுங்குகிறேன், இதுவரை பதினோரு செடி. இன்னும் சில போகலாம். ஆனால் தோட்டம் நிற்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் கூடை நிறைகிறது.

பிடுங்கியும் நிற்கவில்லை என்று நினைத்தபடியே நீ போய்விட்டாய். நான் அன்றைக்குப் பிடுங்கவே இல்லையடி. உனக்கு விவசாயம் தெரிந்திருந்தது.