நைனா டாக்டரிடம் சொல்லாதது

திருத்தணி,
ஆடி 12

அன்பு மகன் திலீப்புக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை அபியும் முருகன் தயவில் சுகமாக இருக்கிறோம், உன் உடம்பை நினைத்துத்தான் பத்து நாளாக மனது ஒரு நிலையில் இல்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லம்மா என்று சிரித்து மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் ஷார்ஜாவுக்குத் திரும்புகிற டில்லிபாபு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நைனாவுக்கு இருமல் விடவே இல்லை. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை, நான்கு படி ஏறினால் நின்றுவிடுகிறார். போன செவ்வாய்க்கிழமை அரக்கோணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காததை அவர் கேட்டார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று. பதினெட்டு வருடமாக ஜல்லி கிரஷரில் என்றார் நைனா. கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, அது இனி வெளியே வராது, கிரஷரை விட்டால்தான் மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் வேறு யாராவது கல்வேலை செய்கிறார்களா என்றும் கேட்டார். நைனா இல்லை என்று தலையாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நைனா அழுதுவிட்டார். "புள்ள அங்க கல்லு அறுத்துகினு கீறான்னு சொல்லி, அவனுக்கும் இதான்னு அந்தம்மா சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்" என்றார். மூன்று வருடமாக நீ சமையல் மேடைக்கான செயற்கைக் கல் அறுக்கிறாய், பத்து நாள் முன்னால் வீடியோ காலில் புருவம் வரை வெள்ளையாக நின்றாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு தடவை இருமினாய். நாங்கள் இருவரும் பார்த்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பப் போய் உண்மையைச் சொன்னோம். டாக்டரம்மா கோபப்படவில்லை. அந்தச் செயற்கைக் கல்லின் தூசி இன்னும் மோசம், சில வருடத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஒரு நாளும் தள்ளாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், கல் அறுக்கிறேன் என்று அங்குள்ள டாக்டரிடம் அவனாகவே சொல்லட்டும் என்றார்.

கைக்குட்டை கட்டினால் போதும் என்று நினைக்காதேப்பா. தண்ணீர் விடாமல் அறுக்கிற மிஷின் பக்கம் போகாதே, முதலாளி திட்டினால் திட்டட்டும். எங்களுக்காக அங்கேயே கிடக்காதே. நைனா கிரஷருக்குப் போவதை நிறுத்திவிட்டார். நேற்று மூச்சு வாங்க வாங்க அலமாரியில் பாதியைக் காலி செய்துகொண்டிருந்தார், எதற்கு என்று கேட்டால், "திலீப் வந்துட்டான்னா துணி வெக்க எடம் வேணாமா" என்கிறார்.

எக்ஸ்ரே எடுத்ததும் எனக்கு அனுப்பு, நல்லதோ கெட்டதோ எங்களுக்குத் தெரியட்டும். நீ நல்ல மூச்சோடு நூறு வருடம் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சுலோச்சனா