எங்கள் கழகத் தலைவரிடம் ஒரு கேள்வி

ஜூன் 14, 1970. ஞாயிறு

கச்சான் காற்று. காயப்போட்ட சேலை பறந்துபோய் அடுத்த வளவில். விடுமுறையைப் பௌர்ணமி போன்ற போயா நாட்களுக்கு மாற்றியதிலிருந்து ஞாயிறு வேலை நாள். உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று எங்கள் உதைபந்தாட்டக் கழகம் மட்டக்களப்பு அணியிடம் தோல்வி. நாலு கோல். வழமையாகக் கோல் காக்கும் ரகீம் வெளியே வாங்கில் குந்தியிருந்தான். அவன் இடத்தில் பாலன், என் கணவரின் அக்கா மகன். இவர்தான் கழகத் தலைவர். அணியைத் தெரிவு செய்வதும் இவரே. ஏன் அப்படி என்று கேட்டேன். "பிறகு கதைப்பம்." பிறகு கதைக்கவில்லை.

சவர்க்காரம், மண்ணெண்ணெய் முடிந்துவிட்டன.

ஜூன் 15, திங்கள்

காலை வானொலி: உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியிடம் இங்கிலாந்து தோல்வி. இரண்டு கோல் முன்னுக்கு நின்று தோற்றார்களாம். திறமாக விளையாடிய ஒருவரை நடுவில் வெளியே எடுத்தார்களாம். இவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

"எடுத்தவர் பதில் சொல்ல வேணும்! போன மாசம் நாங்கள் ஒரு அரசாங்கத்தையே வீட்ட அனுப்பினனாங்கள். பந்தாட்டத்தில மட்டும் கேள்வி இல்லையோ?"

வாசல் படலையடியில் ரகீம். கழக உடுப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிண்ணியாவிலிருந்து வந்தவன். எல்லாம் கேட்டுவிட்டான்.

"அண்ணன், அந்தக் கேள்வி நம்மட கழகத்துக்கும் இருக்கா?"

 இவர் உடுப்பை வாங்கவில்லை.

"சனிக்கிழமை கூட்டத்தில கேக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கத்தவில்லை, அதுதான் பயம்.

ஜூன் 17, புதன்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஒரே கதை. புது அரசாங்கம், ஆருக்கு இடமாற்றம், ஆருக்குப் பதவி. இணைப்புக் கொடுக்கையில் காதில் விழுந்தது: "அவர் தேர்தலில வெண்டிட்டார்தானே, இனி ஏன் எங்களோட கதைக்கப் போறார்?" யார் அந்த அவர்? கேட்க ஆசை. வேலை போய்விடும்.

மாலை மச்சாள், பாலனின் தாய், முருங்கைக்காயோடு வந்து இவரிடம்:

"தம்பி, கூட்டத்தில என்ர பேரை எடுத்துப்போடாத."

அப்போதுதான் விளங்கியது. துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கும் பெரியவர் அன்று ஆட்டம் பார்க்க வந்தாராம். பாலன் அவர் கண்ணில் படட்டும் என்று மச்சாள் கேட்டிருக்கிறார். கோபிக்க ஏலவில்லை. பெடியன் வேலையில்லாமல் இருப்பதும் உண்மை. ரகீம் செய்த குற்றமும் ஒன்றுமில்லை.

ஜூன் 19, வெள்ளி

இங்கிலாந்தில் அரசாங்கம் தேர்தலில் தோற்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சில் ஒருவர்: "எல்லாம் பந்தில தோத்த கோவம்."

இருக்குமா? அணியை நடத்தினவர் இருக்கிறார், நாட்டை நடத்தினவர் போகிறார். ஒருவர் பிழைக்கு இன்னொருவரா? நாங்கள் போன மாதம் எதற்காக வாக்குப் போட்டோம்? என் வாக்கு, கூட்டித் தருவதாகச் சொன்ன கூப்பன் அரிசிக்கு. மற்றவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவர் இரண்டு பிடி சோற்றோடு எழும்பிவிட்டார்.

ஜூன் 20, சனி

கூட்டம் வாசிகசாலையில். பெண்களை உள்ளே விடுவதில்லை. யன்னலுக்கு வெளியே நின்றேன். பின்வரிசை முதுகுகள் மட்டும் தெரிந்தன. முன்னால் இருந்த இவர் தெரியவில்லை. குரல்கள் தெளிவு.

ரகீம்: "கோவத்துல கேக்கல்ல அண்ணன். ஏன் எண்டு தெரிஞ்சாக் காணும்."

இவர் காற்று, மைதானம், இளம் ஆட்களுக்கு வாய்ப்பு என்று தொடங்கினார். யாரோ இருமினார்கள். இவர் நிறுத்திவிட்டார். பிறகு இவர் குரல்:

"அதெல்லாம் சும்மா. பாலனுக்கு வேலை கிடைக்கட்டும் எண்டு விட்டனான். ரகீம் அவனிலும் திறம் எண்டு எனக்குத் தெரியும். பிழை என்ர."

மச்சாளின் பெயர் வரவில்லை.

பின்வரிசையில் ஒருவர் கேட்க, இவரே தொடர்வதா, ரகீம் தலைவரா என்று கைதூக்கல். எண்ணினார்கள், சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்கள். ஒரேயொரு கை கூடுதலாக, ரகீம் தலைவர்.

ஜூன் 21, ஞாயிறு

காற்றுக் குறைவு. மீன்காரர் வரவில்லை, பருப்பு. இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து படலைக்குப் பிணைச்சல் மாற்றுகிறார். வானொலி போடவில்லை. எனக்கு இன்று இரவு வேலை. தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"நீர் உள்ளுக்க இருந்திருந்தா ஆருக்குக் கை தூக்கியிருப்பீர்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "உண்மையைச் சொன்ன உடன உங்களுக்கு எண்டுதான் நினைச்சன். ஆனா ரகீமுக்குத்தான் தூக்கியிருப்பன்."

கோபிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.

"நானும் அவனுக்குத்தான் தூக்கினனான்."