கூப்பிடாத விளக்கு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்து கோட்டுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது, ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இது அம்மா எழுதியது இல்லை, நானே எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக என்ற வார்த்தையை அழுத்தி எழுதினேன், தாள் கிழிந்துவிட்டது பார்.

நான்கு மாதமாக சபையில் நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன், தையல்கார அம்மா சொல்லிக் கொடுக்கிறார். உனக்குத் தெரியாமல் கற்று, ஒரு நாள் கடிதம் போட்டு அசத்த வேண்டும் என்று இருந்தேன். இப்போது பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை எதையும் விடுவதில்லை. சோப்பு உறையில் எத்தனை சங்கதி எழுதியிருக்கிறான், அறுபத்தொன்பது வயதுவரை அது எதுவும் தெரியாமலே குளித்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில்தான் செவ்வாய்க்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று துழாவினேன், அவளுடைய ஊசி நூல் டப்பாவில் உன் கடிதம் இருந்தது. போன வாரம் அவள் எனக்கு வாசித்துக் காட்டிய அதே கடிதம். அவள் வாசித்தது ஒரு பக்கம். டப்பாவில் இருந்தது மூன்று பக்கம். எழுத்துக் கூட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா படுத்த படுக்கையாக என் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு இந்த வெல்டிங் பரீட்சை எதற்கு, மாதக் கடைசியில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். யாரம்மா படுக்கையில் இருப்பது? நான் இதைப் படித்ததற்கு முந்தின நாள்தான் சபைக் கோயில் கூரையில் ஏறி உடைந்த ஓடு இரண்டை மாற்றிவிட்டு இறங்கினேன். மகள் வெல்டிங் பிடிக்கும்போது கண்ணாடி போடுகிறாளா, கப்பல் பட்டறையில் பெண்பிள்ளை என்று எவனாவது கேலி பேசுகிறானா, இதைத்தான் நான் அம்மாவிடம் எழுதச் சொன்னேன். என் வாயில் அவள் வேறு என்னென்ன வார்த்தைகளைப் போட்டாளோ, அது உனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

கேட்டேன். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. சபைப் பள்ளி ஆபீசில் ஒரு வேலை காலியாக இருக்கிறதாம், போதகர் ஐயா அதை உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறாராம், இரும்பைப் பற்றவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவா பெற்றேன் என்று திருப்பி என்னையே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் இவள் போட்டுக் கொடுத்த கணக்குதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கலங்கரை விளக்கம் கடலில் போகிற பிள்ளைகளை வா வா என்று கூப்பிடுகிறது, தகப்பனின் கண்ணீரும் அப்படியே என்றார் ஐயா. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, பின் வரிசையில் ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார், எதற்கு என்று தெரியாமல் நானும் தலையை ஆட்டினேன். அதே கலங்கரை விளக்கத்தின் படம் போட்ட அட்டையில் ஐயா உனக்குக் கடிதம் போடப் போகிறார். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் அந்த விளக்கின் கண்ணாடியைத் துடைத்தவன் நான். ஒரு கப்பலாவது அதை நோக்கி வந்ததா? வந்திருந்தால் பாறையில் மோதிச் சிதறியிருக்கும். புதன்கிழமை ஐயா வீட்டுக்கே போய் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இது வெறும் உவமைதானே பெரியவரே என்றார். "உவமையா இருந்தாலும் கப்பல் உடையும் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்து குடை கொடுத்தார், மழை பெய்தும் வாங்கவில்லை, இப்போது சளி பிடித்திருக்கிறது. இதை வைத்து மறுபடி நான் படுக்கையில் விழுந்ததாக யாராவது எழுதினால் நம்பாதே.

நம் விளக்கு இரண்டு தரம் மின்னும், பிறகு எட்டு எண்ணும்வரை இருட்டு. அந்த இருட்டையும் சேர்த்து எண்ணினால்தான் இது எந்த விளக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று கப்பல்காரனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவன் தன் வழியில் போவான். நான் கும்பிடுகிற ஆண்டவரும் எனக்கு அப்படித்தான். ஒரு நாளும் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில்லை. ஜெபத்துக்குப் பதில் வராத நாட்களில் மனதுக்குள் எட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில எட்டு வருஷக்கணக்கில் நீண்டதும் உண்டு. விளக்கு அணைந்துவிட்டது என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லையா என்றால், இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். உன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் போதும் எனக்கு. ஆனால் இல்லாத வியாதியை நம்பி வராதே. பரீட்சையை முடி, சான்றிதழை வாங்கு, அதன் பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் வா.

இதுவரை எழுதியதை இப்போதுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு பக்கத்தையும் விடாமல். திணறித் திணறி வாசித்தேன், அவள் நடுவில் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. முடித்ததும் ரொம்ப நேரம் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உங்களுக்கு விளக்கு இருந்துச்சு. எனக்கு அவ மட்டும்தானே இருந்தா" என்றாள். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைத் திட்டி எழுதிய இரண்டு வரிகளை மட்டும் அடித்துவிட்டேன், நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே.

ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துப் போடு, இதை மறந்துவிடாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. அடுத்த வாரமும் எழுதுகிறேன். அதில் பாதி அம்மா சொல்லி நான் எழுதுவதாகப் பேச்சு. அவள் சொல்வதை அப்படியே எழுதுவேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.

அன்புடன்,
எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும் உன் அப்பா