ஓர் அறையில் இரண்டு எலக்ட்ரான்

ஜூன் 3

என் வீட்டுக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. விரல் வலிக்கிறது, ஆனால் சிரிப்பு வருகிறது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு 'ழ' போட வந்துவிட்டது!

எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு பள்ளிக்கூடத்து வேதியியல் அறையில் நடக்கிறது. பகல் பாடத்தைப் பலகையிலிருந்து யாரும் அழிப்பதில்லை. போன வாரம் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம். நடுவில் ஒரு சொல். எழுத்துக்கூட்டினேன். சோ-டி-யம். முப்பத்தொரு வருடம் நான் ஏற்றி அணைத்த தெருவிளக்கு! "டீச்சரம்மா, இது எங்க வெளக்கு!" என்று கத்திவிட்டேன்.

சோடியம் அணுவில் பதினோரு எலக்ட்ரானாம். முதல் மட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று. விளக்குக்குள் மின்சாரம் பாயும்போது அந்த ஒன்று அடிவாங்கி மேல் மட்டத்துக்கு ஏறுமாம். நடுவில் எங்கும் நிற்க முடியாது. மேலேயும் தங்க முடியாது. திரும்பத் தன் இடத்துக்கு விழும்போதுதான் அந்த மஞ்சள் வெளிச்சம்.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். தனியாக நிற்கும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வருகிறாய்?

கைநாட்டு இல்லாமல், கையெழுத்தோடு,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 14

வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கோணல்மாணலாக இருந்தாலும் உங்கள் குரல் கேட்டது. தையல்காரர் எழுதிய இரண்டிலும் நான் நிலா, தேவதை என்று இருந்தேன். "இது யாருக்கு வந்த கடுதாசிடி?" என்று அக்கா சிரித்தாள்.

எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாளே ஆசையாக எனக்கென்று இரண்டாவது சாவி செய்து தந்தீர்கள். அந்த மாதமே நானும் வேலையை விட்டேன். அதிலிருந்து நாள் முழுதும் இரண்டு பேரும் அந்த ஒற்றை அறைக்குள். "இத ஏன் இங்க வச்ச, ரேடியோவ ஏன் போட்ட, எங்க கெளம்பிட்ட?" நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரைக்கூட நிமிர்த்தி வைப்பீர்கள். ஆஸ்பத்திரிச் சலவையில் நின்று நின்று என் கால் ஓய்ந்துபோயிற்று. பதில் சொல்லத் தெம்பில்லை. இங்கே அக்கா அதிகம் பேசுவதில்லை.

விழுந்தால் வெளிச்சம் வருமாமே. நான் விழுந்தால் இடுப்பு வலிதான் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 2

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். நான்கு நாள் ஆனது. 'அலுத்துவிட்டது' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டும்போது என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உற்சாகமாகப் படித்தேன். முழுதும் சேர்ந்ததும் அன்றைக்கு அடுத்த வரிக்குப் போகவில்லை.

மறுநாள் டீச்சரம்மாவிடம் கேட்டேன். "ஒரே மட்டத்துல எட்டுப் பேர் அடிச்சுக்காம எப்படிம்மா இருக்காங்க?"

"மட்டத்துக்குள்ள சின்னச் சின்ன அறை இருக்கு பெரியவரே. அறைக்கு ரெண்டு பேர்தான். ஒண்ணு இப்படிச் சுத்தினா, இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்தணும். ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா ஒரு அறையில இருக்கவே முடியாது."

நமக்கும் அப்படித்தானே ஓடியது. எனக்கு இரவு வேலை, உனக்குப் பகல் வேலை. இருவருக்கும் ஒரே சாவி, ஜன்னலோரம் என் பழைய செருப்புக்குள். நான்தான் இரண்டு பேரையும் ஒரே பக்கம் சுற்ற வைத்துவிட்டேன். இன்னொரு சாவி செய்தது சந்தோஷத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவ ஆள் கேட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை வகுப்பு வரை. சரி என்றுவிட்டேன். டம்ளரை நிமிர்த்துகிற கைக்கு அங்கே நிறைய வேலை.

வா என்று இந்த முறை எழுதவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 19

வீட்டுக்காரருக்கு,

ஒன்று உங்களிடம் சொன்னதே இல்லை. விடியும்போது நான் வேலைக்கு நடந்து போவேன். தெருத்தெருவாக மஞ்சள் விளக்கு அணைந்துகொண்டே வரும். வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் முகத்தைப் பார்த்ததைவிட அதைப் பார்த்த நாள்தான் அதிகம்.

அசதி அப்படியேதான் இருக்கிறது. போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். அழைத்துப்போக வர வேண்டாம். வேலைக்குப் போங்கள், வகுப்பு முடிந்தே வாருங்கள். என் சாவியை இங்கேயே அக்கா வீட்டு ஆணியில் விட்டுவிட்டேன். உங்கள் சாவியைச் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வீட்டுக்காரி